ஆமூர் மல்லனை வென்ற சோழன்
இன்றைய பயில்வான்களோடு மோதினால்?

உறையூரில் ஓர் இளவரசன் இருந்தான். அவன் தந்தையின் ஊரில் நெல் மலை போலக் குவிந்து கிடந்தது. அவனோ அரண்மனையை விட்டு வெளியேறி, வேற்றூரில் கூழ் குடித்து வாழ்ந்தான். ஒரு திருவிழா நாளில், கூட்டம் கடல் போல இரைந்துகொண்டிருக்க, அவன் கோதாவில் இறங்கினான். எதிரே நின்றவன் பேர்போன ஆமூர் மல்லன்.

ஆமூர் மல்லன் உயிரோடு திரும்பவில்லை!

வென்ற இளவரசனின் பெயர் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. சுருக்கமாகக் கிள்ளி என்று சொல்லலாம். அவன் காலம் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்.

இந்தக் கிள்ளி இன்று எழுந்து வந்து, உலக சாம்பியன்களோடு மோதினால் யார் ஜெயிப்பார்கள்? அந்தக் காலத்துப் பயில்வான் பெரியவனா, இந்தக் காலத்துப் பயில்வான் பெரியவனா என்று திண்ணைக்குத் திண்ணை விவாதம் நடப்பது உண்டு. நம் காவிரிக் கரைப் பயில்வானை வைத்தே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் அவன் கதை தெரிய வேண்டும்.

நெல் குவிந்த ஊர்

உறையூர் இன்று திருச்சி நகரத்தில் ஒரு பகுதி. அங்கிருந்து காவிரியோடு கிழக்கே கொஞ்ச தூரம் வந்தால் கல்லணை. கல்லணையில் பிரியும் ஆறுகள்தான் தஞ்சைச் சீமையின் வயல்களை நனைக்கின்றன. சோழர்களின் பழைய தலைநகரம் உறையூரே. தஞ்சாவூர் தலைநகரமானது பல நூறு ஆண்டுகள் கழித்துத்தான்.

அந்த உறையூரை ஆண்டவன் தித்தன். வாரி வழங்குகிறவன் என்று புலவர்கள் அவனைப் புகழ்ந்தார்கள். அவன் ஊரைச் சொல்லும்போது நெற்குவியலைச் சொல்லாமல் விடமாட்டார்கள். தித்தனுக்கு ஐயை என்று ஒரு மகள். அவள் பெயரும் பாட்டில் வருகிறது.

தித்தனின் மகன்தான் கிள்ளி என்று பழம்பாட்டுகளை ஆராய்ந்த அறிஞர்கள் சொல்கிறார்கள். தந்தைக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. மகன் நாட்டை விட்டு வெளியேறினான். கையில் பொருள் இல்லை. படை இல்லை. மிச்சம் இருந்தது உடம்பு ஒன்றுதான்.

கறுத்த இளந்தாடி. காலில் வீரக் கழல். அகன்ற தோள்கள். தலையில் ஆத்திப் பூ. இந்த ஆத்திப் பூவைக் கவனிக்க வேண்டும். சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ. குடிப்பது கூழாக இருந்தாலும் குலத்தின் பூவை அவன் கழற்றவில்லை. தந்தை ஒதுக்கினாலும் நான் சோழன்தான் என்று அந்தப் பூ சொல்லாமல் சொல்லிற்று.

மதில் பக்கத்து வீடு

கிள்ளி தங்கியிருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு வீடு. அங்கே ஒரு வணிகர் மகள் இருந்தாள். பெயர் நக்கண்ணை. அவள் பாட்டுக் கட்டத் தெரிந்தவள்.

அவளுக்குக் கிள்ளி மேல் ஆசை. வெளியே சொல்ல முடியாது. சொன்னால் தாய் அடிப்பாள். ஓடிப்போய் அவன் தோளைத் தழுவிக்கொள்ளலாம் என்றால், நாலு பேர் கூடியிருக்கிற சபை. அங்கே வெட்கம். தாய்க்கும் பயம், சபைக்கும் பயம். கை வளையல் கழன்று விழும் அளவுக்கு இளைத்துப்போனாள். தன்னைப் போலவே இந்த ஊரும் இரண்டு பக்கமும் இழுபட்டு நடுங்கட்டும் என்று கோபித்துக்கொண்டாள்.

அவளுக்கு இன்னொரு வியப்பு. கூழ் குடிக்கிறவனுக்கு அவ்வளவு பெரிய தோள் எப்படி வந்தது? பக்கத்து வீட்டில் குறையில்லாமல் இருக்கிற தனக்கோ உடம்பு வெளுத்துப் பசலை படர்ந்துவிட்டதே!

தஞ்சைச் சீமையில் இந்த வியப்புக்கு இடமில்லை. பழைய சோறும் நீராகாரமும் குடித்துவிட்டு, விடியலில் மண்வெட்டியோடு வரப்பு அண்டை வெட்டப் போகிறவரின் தோளைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும்.

திருவிழாவில் குஸ்தி

ஊரில் திருவிழா. பேரூர் முழுக்க ஒரே இரைச்சல். மல்லர்கள் மோதும் களம் தயாராயிற்று.

கிள்ளிக்கு அது சொந்த ஊர் அல்ல. சொந்த நாடும் அல்ல. ஆகவே கூட்டம் இரண்டு பட்டது. வெற்றி இவனுக்குத்தான் என்றது ஒரு கூட்டம். இவனுக்கு வெற்றி கிடையாது என்றது மற்றொரு கூட்டம். வெளியூர்க்காரன் வந்து உள்ளூர் மைதானத்தில் விளையாடும்போது இன்றைக்கும் நடப்பது இதுதான்.

நக்கண்ணைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடினாள். அவள் வீட்டில் ஒரு பனைமரம், அடி பருத்து முழவு போல இருந்தது. அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டு பார்த்தாள்.

எதிரிகளுக்கு அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அவள் ஓர் உவமை சொன்னாள். உப்பு வணிகர்கள் வண்டியோடு ஆற்றைக் கடக்க அஞ்சுகிற துறை போன்றவனாம். உப்பு மூட்டை நனைந்தால் முதலே கரைந்துவிடும் அல்லவா? வேதாரண்யத்து உப்பளங்களை அறிந்தவர்களுக்கு அந்தப் பயம் எளிதில் விளங்கும்.

ஆமூர் மல்லன் சாதாரண ஆள் அல்ல. மதம் பிடித்த வலிமை அவனுக்கு. முக்காவல் நாட்டு ஆமூர் அவன் ஊர். கள்ளுக்குப் பேர் பெற்ற ஊர்.

கிள்ளி அவனைப் பிடித்த பிடி இது: ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்திற்று. மற்றொரு கால் பின்பக்கமாகச் சென்று அவன் திமிறலைத் தடுத்தது. எதிரி அசைய முடியவில்லை. பசித்த யானை மூங்கிலைப் பற்றி வளைத்து முறிப்பது போல, தலையும் காலும் நொறுங்க மோதினான். போர் முடிந்தது.

எவ்வளவு நேரம் பிடித்தது? கடிகாரம் இல்லாத காலம். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டில் பின்னுகிற தொழிலாளி ஒருவன். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, அங்கே போக வேண்டும். வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. மேலே மழை பிடித்துக்கொண்டது. பொழுதும் சாய்கிறது. அவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசி எவ்வளவு வேகமாகப் போகும்! அதைவிட வேகமாக முடிந்ததாம் அந்தக் குஸ்தி.

கும்பகோணம் வாத்தியார்

இத்தனை செய்தியும் கிடைப்பது புறநானூற்றில். 80 முதல் 85 வரை ஆறு பாட்டுகள். முதல் மூன்றைப் பாடியவர் சாத்தந்தையார் என்ற புலவர். அடுத்த மூன்றும் நக்கண்ணையார் பாடியவை. காதலித்த பெண்ணே நேரில் பார்த்துச் சொன்ன குஸ்தி வர்ணனை உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்?

பல நூறு ஆண்டுகள் இந்தப் பாட்டுகள் ஏட்டுச் சுவடிகளில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, 1894-ல் அச்சில் கொண்டுவந்தவர் உ. வே. சாமிநாதையர். அவரும் தஞ்சைச் சீமைக்காரரே. பாபநாசம் அருகே உத்தமதானபுரம் அவர் ஊர். புறநானூறு அச்சான சமயத்தில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தார். அவர் சுவடிகளைத் தேடி அலைந்திராவிட்டால் கிள்ளியையும் கறையான் தின்றிருக்கும்.

காமா எதிரே நின்றால்?

சரி, இப்போது போட்டிக்கு வருவோம்.

முதலில் காமாவை நிறுத்திப் பார்க்கலாம். அவர் பஞ்சாபைச் சேர்ந்த குஸ்தி வீரர். 1960-ல் லாகூரில் காலமானார். நாளுக்கு ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் போட்டவர் என்று பெயர். பால், நெய், பாதாம் அவருடைய ஆகாரம். கிள்ளியின் கூழ் எங்கே, காமாவின் பாதாம் பால் எங்கே!

1910-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி லண்டனில் காமாவும் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். ஸ்பிஸ்கோ காமாவைவிட நல்ல கனம். காமாவை நின்று சமாளிக்க முடியாது என்று கண்டுகொண்டு, தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவரைப் புரட்ட முடியவில்லை. போட்டி சமம் என்று அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி மோத நாள் குறித்தார்கள். ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்கு வந்தது. பிறகு 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். அங்கே காமா ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோவை மல்லாத்திவிட்டார்.

லண்டனில் காமா செய்ய முடியாமல் போனது, கீழே கிடக்கிறவனைக் காலால் கட்டிப் பணிய வைப்பது. கிள்ளியின் கைவந்த வேலையோ அதுதான். மார்பில் ஒரு கால், பின்னால் ஒரு கால். ஆனால் இரண்டரை மணி நேரம் இழுக்கிற சண்டை அவனுக்கு ஒத்துவராது. ஊசி வேகக்காரன் அவன். முதல் சில நிமிடங்களில் முடித்தால் கிள்ளி. இழுத்துக்கொண்டே போனால் காமா. இப்படித்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

தராசு சொல்லும் கணக்கு

இன்றைய ஒலிம்பிக் குஸ்தியில் முதல் வேலை எடை பார்ப்பது. ஆண்களின் தாராள பாணிக் குஸ்தியில் ஆறு பிரிவுகள். குறைந்தது 57 கிலோ. அதிகம் 125 கிலோ. 125 கிலோ என்றால் 60 கிலோ நெல் மூட்டை இரண்டுக்கும் மேல்! அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி பாய்கிறார்கள்.

கூழ் குடித்து வளர்ந்த கிள்ளி அந்தப் பிரிவில் வரமாட்டான். லண்டனுக்குப் போனபோது காமாவே 90 கிலோ அளவுதான். இன்றைக்கு இருந்தால் அவரையே 97 கிலோப் பிரிவில்தான் சேர்ப்பார்கள். கிள்ளிக்கு 86 கிலோப் பிரிவு பொருந்தலாம்.

ஆள் பெரியவனாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2024 மே மாதம் ரியாத் நகரத்தில் குத்துச்சண்டை உலகப் பட்டத்துக்கு இருவர் மோதினார்கள். இங்கிலாந்தின் டைசன் ப்யூரி ஆறடி ஒன்பது அங்குலம். உக்ரைனின் உசிக் அவரைவிட அரையடி குட்டை, எடையிலும் 17 கிலோ குறைவு. ஜெயித்தவர் உசிக். அவரைக் காப்பாற்றியது கால் வேகம்.

ஆனால் கிள்ளியைக் குத்துச்சண்டை மேடையில் ஏற்றக் கூடாது. அது வேறு வித்தை. 1976-ல் டோக்கியோவில் முகமது அலியையும் ஜப்பான் குஸ்தி வீரர் இனோகியையும் மோதவிட்டார்கள். இனோகி மல்லாந்து படுத்துக்கொண்டு அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். 15 சுற்று முடிந்தும் சமம். பார்த்தவர்களுக்குச் சலிப்புத்தான் மிச்சம்.

ரஷ்யாவின் கரேலின் 130 கிலோ மனிதர். 13 ஆண்டுகள் உலக அரங்கில் தோல்வியே காணாதவர். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவரோடு மோதினால்? அவர் ஆடியது கிரேக்க ரோமானிய பாணி. அதில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலைக் கொண்டு பின்னவும் கூடாது. கிள்ளியின் பெயர்பெற்ற பிடியே அங்கே குற்றம்! கிள்ளி தோற்பான். சந்தேகம் வேண்டாம். கரேலினை ஒரு வழியாக 2000-ம் ஆண்டு சிட்னியில் தோற்கடித்தவர் யார் தெரியுமா? அமெரிக்காவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த ரூலன் கார்ட்னர்.

மண்ணும் மெத்தையும்

இன்னொரு தொல்லை தரை. பழைய மல்லனுக்கு மண்தான் தரை. கால் விரல் மண்ணில் பதிந்து பிடிமானம் கொடுக்கும். இன்று மெத்தை விரிப்பு. காலில் சப்பாத்து. மண்ணில் பழகியவனுக்கு அது வழுக்குப் பாறை மாதிரி.

மராட்டிய நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளை கே. டி. ஜாதவ் 1948-ல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். மண்ணில் பழகியவர் மெத்தையில் தடுமாறி ஆறாவது இடம் பெற்றார். நான்கு ஆண்டு கழித்து, 1952-ல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் தனி ஒருவர் வாங்கித் தந்த முதல் பதக்கம் அதுவே. ஜாதவுக்குப் பிடிபட்டது கிள்ளிக்குப் பிடிபடாதா?

எனவே கிள்ளிக்கும் ஓர் ஆண்டு மெத்தையில் பயிற்சி கொடுத்து, தாராள பாணியில், 86 கிலோப் பிரிவில் இறக்க வேண்டும். மூன்று மூன்று நிமிடமாக இரண்டு பகுதி, மொத்தம் ஆறே நிமிடம். சும்மா பதுங்கினால் எதிரிக்குப் புள்ளி போய்விடும். ஸ்பிஸ்கோ மாதிரி படுத்துக் கிடக்க வழியில்லை. தோள் இரண்டும் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஊசி வேகக்காரனுக்கு இதைவிட நல்ல சட்டம் வேண்டுமா?

ஒரே ஒரு எச்சரிக்கை. தலையையும் காலையும் முறிக்கக் கூடாது! எதிரியின் தோள் தரையில் பட்டதும் நடுவர் தட்டுவார், அப்போதே விட்டுவிட வேண்டும். ஆமூர் மல்லனிடம் காட்டிய ஆத்திரத்தை இங்கே காட்டினால், ஜெயித்த கையோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். கிள்ளியின் தோல்விக்கு எதிரியைவிட அவன் கோபமே காரணமாகக்கூடும்.

அந்தக் கோபம் மல்லன் மேல் வந்ததுதானா? சாத்தந்தையார் பாட்டைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. குஸ்தியை அவ்வளவு நுட்பமாக வர்ணித்த புலவர், நடுவில் ஒரே ஒருவனைத்தான் நினைக்கிறார். தித்தன். மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அந்தத் தந்தை இந்தப் போரைப் பார்க்கட்டும் என்கிறார்.

ஆத்திப் பூவைச் சூடிக்கொண்டு, அன்னிய ஊரில், அரைக்கூட்டம் எதிராகக் கத்த, கூழ் குடித்த தோளோடு மகன் களத்தில் நிற்கிறான். பனைமரத்தடியில் ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். பார்க்க வேண்டியவர் உறையூரில் நெற்குவியலுக்கு நடுவே இருக்கிறார்.

இன்றைய அரங்கில் கிள்ளிக்கு ஒரு போட்டி வைத்தால், சாத்தந்தையார் எடையையும் புள்ளியையும் பற்றிக் கேட்கமாட்டார். முன்வரிசையில் தித்தனுக்கு ஒரு நாற்காலி போட்டாயிற்றா என்றுதான் கேட்பார்.